பதிப்புரிமைக் கால நீட்டிப்புச் சட்டம் (ஐக்கிய அமெரிக்கா)

பதிப்புரிமைக் கால நீட்டிப்புச் சட்டம் என்பது ஐக்கிய அமெரிக்காவில் பதிப்புரிமை நீடிக்கும் காலத்தை 20 ஆண்டுகள் கூட்டி 1998 இல் இயற்றப்பட்ட சட்டம் ஆகும். இதன்படி ஒரு படைப்பின் உரிமை, ஆசிரியர் இறந்த பின்னும் 70 ஆண்டுகள் நீடிக்கும். 1923 முதல் 1977 வரை வெளியாகி அப்போது உரிமை காலாவதியாகாதிருந்த படைப்புகளுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் எனக் காலம் நீண்டது.

பின்னணி

1790 ஆம் ஆண்டின் முதல் சட்டம் நூல்களுக்கும் நிலப்படங்களுக்கும் 14 ஆண்டுகளே உரிமை வழங்கியது. ஆசிரியர் உயிருடன் இருந்தால் மேலும் 14 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். மொழிபெயர்ப்பு அவ்வுரிமையில் அடங்கவில்லை; "அங்கிள் டாம்ஸ் கேபின்" புதினத்தின் செருமன் மொழிபெயர்ப்பு உரிமை மீறல் அன்று என 1853 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1909 இல் காலம் 28 ஆண்டுகளும் புதுப்பித்தால் மேலும் 28 ஆண்டுகளும் ஆனது. பெரும்பாலான உரிமையாளர்கள் புதுப்பிக்கவில்லை. அந்நூல்கள் 28 ஆண்டுகளிலேயே பொதுவுடைமை ஆயின. 1976 ஆம் ஆண்டுச் சட்டம் புதிய படைப்புகளுக்குப் புதுப்பித்தல் முறையை நீக்கியது. கால நீட்டிப்பைக் காட்டிலும் இதன் விளைவே பெரிது எனலாம்: எவரும் பொருட்படுத்தாத நூலும் முழுக்காலமும் பூட்டப்பட்டது.

எல்ட்ரெட் வழக்கு

எரிக் எல்ட்ரெட், உரிமை முடிந்த நூல்களை இணையத்தில் இலவசமாக வெளியிட்டு வந்தவர். ராபர்ட் ஃபிராஸ்டின் 1923 ஆம் ஆண்டுக் கவிதைத் தொகுப்பை 1999 இல் வெளியிட எண்ணியிருந்தார். புதிய சட்டம் அதைத் தடுத்தது. அரசியலமைப்பு "வரையறுத்த காலத்திற்கு" மட்டுமே உரிமை வழங்க அனுமதிக்கிறது என்றும், இறந்துவிட்ட ஆசிரியரை எந்த நீட்டிப்பும் மீண்டும் எழுதத் தூண்டாது என்றும் அவர் தரப்பில் லாரன்ஸ் லெசிக் வாதிட்டார். ஐரோப்பிய ஒன்றியம் 1993 இலேயே 70 ஆண்டுகளை ஏற்றதை அரசு சுட்டியது. 2003 சனவரியில் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற பெரும்பான்மையில் சட்டத்தை உறுதி செய்தது. நீட்டித்தாலும் அது வரையறைக்கு உட்பட்ட காலமே என்பது தீர்ப்பின் சாரம்.

சீர்திருத்த முயற்சி

அதே ஆண்டில், வெளியாகி 50 ஆண்டுகள் ஆனபின் ஒரு டாலர் கட்டணம் செலுத்தினால் மட்டுமே உரிமை தொடரும் என்னும் மசோதா முன்வைக்கப்பட்டது. அது நிறைவேறவில்லை.

ஃபிராஸ்டின் தொகுப்பு 2019 சனவரி 1 அன்றே பொதுவுடைமை ஆனது. மிக்கி மவுஸ் தோன்றிய 1928 ஆம் ஆண்டுக் குறும்படம் 2024 இல் விடுபட்டது; எனினும் அப்படத்திலுள்ள உருவத்திற்கே இது பொருந்தும். மிக்கியின் பிற்காலப் படங்களில் புதிதாகச் சேர்ந்த கூறுகளுக்கு அந்தந்தப் படத்தின் உரிமைக்காலமே கணக்கு.