எம்.எஸ். நோய்: மெதுவாக முற்றும் வகைக்கு மருந்து தேடும் ஆய்வுகள் எங்கே நிற்கின்றன?

என்னோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் சில வருடங்களுக்கு முன் சுவரைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்குப் போகத் தொடங்கினார். கண்ணூறு என்றனர் சிலர். சோம்பல் என்றனர் வேறு சிலர். கடைசியில் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், அதாவது எம்.எஸ். நோய் என்று தெரியவந்தது. அதுவும் ஆரம்பத்திலிருந்தே மெதுவாக முற்றும் வகை.

“சேர், இந்த நோய்க்கு நிறைய மருந்து வந்திருக்காம். எனக்கு மட்டும் ஏன் அதெல்லாம் சரிவராது என்கிறாங்க?” என்று ஒருநாள் கேட்டார். நான் வைத்தியர் அல்ல, விஞ்ஞானம் படிப்பிப்பவன். அவருக்காகத் தேடி வாசித்ததை இங்கே பகிர்கிறேன்.

மின்வயரின் மேல் பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல, நமது நரம்பு நார்களின் மேல் மயலின் உறை உள்ளது. எம்.எஸ். நோயில் உடலின் நோயெதிர்ப்புக் கலங்களே அந்த உறையைத் தாக்குகின்றன. சுமார் 85 வீதமானோருக்கு நோய் திடீரெனத் தாக்கும், தணியும், மீண்டும் தாக்கும். ஏனையோருக்கு முதலிலிருந்தே இடைவிடாமல் கூடிச் செல்லும். முதல் வகையினரிலும் பலர் காலப்போக்கில் இந்த நிலைக்கு வருகின்றனர்.

தற்போதுள்ள மருந்துகளில் அநேகமானவை, இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையும் கலங்களைத் தடுப்பவை. வாசலில் காவல் போடுவது போன்றது இது. முற்றும் வகையிலோ நெருப்பு வீட்டுக்குள்ளேயே புகைகிறது. மூளையில் நிரந்தரமாக இருக்கும் மைக்ரோக்லியா கலங்கள் அழற்சியைத் தொடர்கின்றன. உறையிழந்த நரம்பு நார்கள் சக்தி தீர்ந்து அழிகின்றன.

ஆரம்பத்திலிருந்தே முற்றும் வகைக்கு அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்ற மருந்து ஓக்ரெலிசுமாப். ஆண்டு 2017. 732 பேரில் நடந்த பரிசோதனையில், மருந்து பெற்றோரில் 32.9 வீதமானோருக்கும் பெறாதோரில் 39.3 வீதமானோருக்கும் இயலாமை கூடியது. பயன் உண்டு, ஆனால் சிறியது.

ஆகவே ஆய்வின் முதல் முன்னுரிமை, மூளைக்குள் சென்று வேலை செய்யும் மருந்து. தாக்குதல்கள் நின்ற பின்னும் நோய் முற்றுவோரில் டொலிபுரூட்டினிப் என்ற மாத்திரை, இயலாமை கூடும் அபாயத்தை 31 வீதத்தால் குறைத்ததாக 2025 இல் ஆய்வு வெளியானது. ஈரல் பாதிப்பு அதன் பெரிய சிக்கல். இரண்டாவது, அழிந்த உறையை மீண்டும் வளர்ப்பதும் நரம்பு நாரைக் காப்பதும்.

மூன்றாவது, சரியான அளவுகோல். கொலஸ்ட்ரோலுக்குக் கொடுக்கும் சிம்வாஸ்டட்டின், மூளை சுருங்கும் வேகத்தை 43 வீதத்தால் குறைத்ததாக 2014 இல் 140 பேரில் நடந்த ஆய்வு காட்டியது. எல்லோரும் நம்பினர். ஆனால் 964 பேரில் நடந்த பெரிய பரிசோதனையின் முடிவு 2024 இல் வந்தபோது, இயலாமை குறையவில்லை. ஸ்கேனில் தெரிந்த நன்மை நடையில் தெரியவில்லை. மருந்து வேலை செய்கிறதா என்பதை முன்கூட்டியே நம்பகமாகச் சொல்லும் அடையாளங்கள் இன்னும் தேவை.

பல வருடங்கள் இப்படி வீணாகாதிருக்க, பிரித்தானியாவில் 2023 இல் ஒக்டோபஸ் என்ற பரிசோதனை ஆரம்பமானது. பல மருந்துகளை ஒரே நேரத்தில் சோதித்து, பயனற்றதை இடையிலேயே நிறுத்துவார்கள். அதில் ஒன்று, நம் வீடுகளில் சீனி வருத்தத்துக்குக் குடிக்கும் மெட்போர்மின். முடிவு வரும்வரை யாரும் எம்.எஸ். நோய்க்காக அதைத் தாமாகக் குடிக்கக் கூடாது.

நான்காவது, களைப்பு, சிறுநீர்க் கட்டுப்பாடு, நடை போன்றவற்றை இன்றே இலகுவாக்கும் பயிற்சிகளும் சிகிச்சைகளும். நோயாளி ஆய்வு முடியும்வரை காத்திருக்க முடியாது, அவர் நாளைக்கும் வேலைக்கு வரவேண்டும்.

இதையெல்லாம் ஆசிரியையிடம் சொன்னேன். “அப்ப என்னை மறக்கல்ல” என்றார். இப்போது அவரது வகுப்பை மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றியிருக்கிறோம். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். சோம்பேறி என்று சொல்வதற்கு முன் அவரை நரம்பியல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.