அமிலத்துக்கும் காரத்துக்கும் இடையே டிரிஸ்

சோதனைச்சாலைகளில் டிரிஸ் என்று சுருக்கமாகவும், அழகுசாதனப் பெட்டிகளின் மேல் டிரோமெத்தமைன் என்றும் குறிக்கப்படுகிற இந்த வெண்ணிறப் பளிங்குத் தூள், ஒரே மூலக்கூறில் அமீன் தொகுதி ஒன்றையும் ஆல்கஹால் தொகுதிகள் மூன்றையும் தாங்கி நிற்கும் வஸ்து. நீரில் கரைந்தபின், அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் அயனிகளைத் தான் ஏற்றும், காரம் சேர்ந்தால் அவற்றை விட்டுக்கொடுத்தும், கரைசலின் பி.எச். அளவை ஏறக்குறைய 7-க்கும் 9-க்கும் இடையே அதிகம் சலனமின்றிக் காப்பதே இதன் சுபாவம்.

அமிலம் மிகுந்தால் நிலைகுலைந்துவிடும் புரதங்களையும் டி.என்.ஏ. இழைகளையும் கையாளுகிற உயிர்வேதியியலாருக்கு இது நித்திய அவசியம். ஆயினும், உஷ்ணம் ஒரு டிகிரி குறைந்தால் பி.எச். சுமார் 0.03 உயர்ந்துவிடுமாதலால், 25 டிகிரியில் அளந்த கரைசலை 4 டிகிரிக்குக் குளிர்வித்து, பழைய அளவையே நம்புகிற மாணவர், 0.6 அளவு பிசகிய கரைசலிலேதான் தம் பரிசோதனையை நடத்துகிறார். இதை ஆசிரியர்கள் முதல் நாளே அழுத்திச் சொல்லவேண்டும்.

சருமப் பூச்சுகளில் இதன் பணி வேறு. கார்போமர் என்னும் அமிலப் பாலிமர், நீரில் தூவியபோது நீர்த்தே கிடந்து, டிரிஸ் சேர்ந்து அமிலத்தன்மை தணிந்த பிறகே, தன் சங்கிலிகள் ஒன்றையொன்று விலக்கி விரிய, தெளிந்த கூழாகத் திரள்கிறது.

ரத்தத்தில் அமிலம் மிகும் நோய்நிலையிலும் மருத்துவர் இதைச் செலுத்துவதுண்டு. மாடெர்னாவின் கோவிட் தடுப்பூசியிலும் இது சேர்ந்திருக்கிறது.