எந்த மொழி இனிமையானது?

தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத் என்று ஓர் ஊர் இருக்கிறது. இயேசு வளர்ந்த ஊரின் பெயர்தான் இதற்கும். இஸ்ரேலில் உள்ள அந்த ஊரை எபிரேய மொழியில் 'நாட்ஸ்ரத்' என்கிறார்கள். அரபு மொழியில் 'அந்நாசிரா' என்கிறார்கள். மூன்றையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். எது இனிமை? 'நாசரேத்' என்றுதானே சொல்வீர்கள்! அது ஒலியின் சிறப்பா, பழக்கத்தின் சிறப்பா?

'இத்தாலிய மொழி பாட்டுப் போல இருக்கிறது. ஜெர்மன் மொழி கரடுமுரடு' என்று பலர் சொல்வதுண்டு. உலகமெங்கும் எல்லோருக்கும் ஒரே மொழிதான் இனிக்கிறதா என்று சோதித்த ஆய்வொன்று 2023இல் வெளியாயிற்று. இயேசுவின் வாழ்க்கையைக் கூறும் திரைப்படம் ஒன்று நூற்றுக்கணக்கான மொழிகளில் குரல் மாற்றம் செய்யப்பட்டுள்ளது. அதிலிருந்து 228 மொழிகளின் பேச்சை எடுத்து, 820 பேரிடம் போட்டுக் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். முடிவு என்ன? மொழிகளுக்கிடையே வேறுபாடு மிகச் சிறியதாகவே இருந்தது. ஆனால், 'இது எனக்குத் தெரிந்த மொழி' என்று நினைத்தவர்கள் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். தவறாக நினைத்தவர்களும் அப்படியே!

நம் காது எப்படிப் பழகுகிறது? ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளிடம் நடந்த ஒரு சோதனையின் முடிவுகள் 1984இல் வெளிவந்தன. இந்தியில் உள்ள 'ட', 'த' போன்ற ஒலிகளை 6 முதல் 8 மாதக் குழந்தைகள் பிரித்தறிந்தன. ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலான குழந்தைகளால் அது முடியவில்லை. வீட்டில் கேட்கும் ஒலிகளுக்கு ஏற்பக் காது தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அதனால்தான் பழகாத ஒலி நமக்குக் கரடுமுரடாகப் படுகிறது.

பழகிவிட்டால்? 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்குப் போர்த்துக்கீசியர் வந்தார்கள். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் அவர்கள் மொழிச் சொற்களே. இன்று அவை யார் காதையாவது உறுத்துகின்றனவா?

'அந்த மொழி முரடு' என்பவர், அடுத்து 'அதைப் பேசுபவர்களும் முரடர்கள்' என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார். வேற்று ஊரிலிருந்து வந்து வகுப்பில் சேர்ந்த மாணவனின் பேச்சைக் கேட்டுச் சிரிப்பதும் இதே தவறுதான். குறை அவன் நாக்கில் இல்லை. நம் காதின் பழக்கத்தில் இருக்கிறது.

செய்து பாருங்கள்: யாருக்கும் தெரியாத ஒரு மொழியின் பேச்சை, பெயர் சொல்லாமல் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று ஒவ்வொருவரும் எழுதி வைக்கட்டும். ஒரு வாரம் தினமும் அதைக் கேட்டபின் மறுபடி மதிப்பெண் போடுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் உங்கள் காது என்ன செய்கிறது என்பது உங்களுக்கே தெரியும்!