எழுதிச் சம்பாதிக்கலாம்... டெபாசிட் கட்டாமல்!

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. இரண்டு மாதம் படம் பார்த்து, கேம்ஸ் ஆடி முடித்ததும் வீட்டில் ஒரு கேள்வி எழும்: "இவ்வளவு பணம் போட்டு வாங்கினோமே, இதை வைத்து ஏதாவது சம்பாதிக்க முடியுமா?"

முடியும். ஆனால் அதற்கு முன் நான் ஏமாந்த கதையைக் கேளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம். இப்போது சாஃப்ட்வேர் இன்ஜினியராக இருக்கிறேன். 2018ல் பொறியியல் கடைசி ஆண்டு படித்தபோது, பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். 'வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை, மாதம் 15,000 ரூபாய்' என்று இருந்தது. போன் செய்தேன். டெபாசிட் 3,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். அம்மா திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்து சேர்த்த பணத்தைக் கொடுத்தார்.

ஸ்கேன் செய்த 300 பக்கங்கள் வந்தன. பத்து நாள் தூங்காமல் டைப் செய்து அனுப்பினேன். "பிழைகள் அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், இன்னும் 5,000 கட்டாவிட்டால் கோர்ட் நோட்டீஸ் வரும்" என்று பதில் வந்தது. பயந்துபோய் போனையே அணைத்து வைத்தேன். "பணம் வந்துச்சாப்பா?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் "அடுத்த வாரம்மா" என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்த வேலை ஏன் பொய்?

கம்ப்யூட்டர் படித்த நான் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். ஸ்கேன் செய்த பக்கத்தை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் அதுவே எழுத்துகளாக மாற்றித் தந்துவிடுகிறது. தமிழுக்கும் இந்த வசதி உண்டு. இலவசமாகச் சில நொடிகளில் முடிகிற வேலைக்கு யாராவது மாதம் 15,000 கொடுப்பார்களா? அவர்களுக்கு வேண்டியது நம் டைப்பிங் அல்ல, டெபாசிட்தான்.

எனவே முதல் விதி: வேலை கொடுப்பவர்தான் பணம் தர வேண்டும். வேலை கேட்பவர் பணம் கட்டக் கூடாது. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சாஃப்ட்வேர் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் விலகிவிடுங்கள். ஏற்கெனவே கட்டி ஏமாந்திருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொல்லுங்கள். தாமதிக்காமல் சொன்னால் பணத்தை வங்கியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

போடியில் கிடைத்த முதல் வேலை

படிப்பு முடிந்து வேலைக்குக் காத்திருந்த நாட்களில் ஒருநாள் போடிநாயக்கனூர் போயிருந்தேன். இடுக்கி மலை ஏலக்காய் விற்பனைக்கு வரும் ஊர் அது. அங்கே ஸ்பைசஸ் போர்டு 2007லேயே மின்னணு ஏலத்தைத் தொடங்கிவிட்டது. ஆனால் நான் போன சில்லறைக் கடையின் பாக்கெட்டில் 'தரமான ஏலக்காய்' என்ற இரண்டே வார்த்தைகள்தான் இருந்தன.

"அண்ணாச்சி, தரம்னா என்ன?" என்று கேட்டேன். "காய் 8 மில்லிமீட்டர் இருக்கணும் தம்பி, பச்சை நிறம் மாறக் கூடாது, வாய் பிளந்திருக்கக் கூடாது" என்று அடுக்கினார். அவர் சொன்னதையே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, மறுநாள் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். நிகர எடை, பேக் செய்த தேதி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் ஆகியவற்றுக்கும் இடம் விட்டிருந்தேன். 600 ரூபாய் கொடுத்தார். எழுதி நான் வாங்கிய முதல் பணம்.

இதில் ஒரு பாடம் உண்டு. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, பொதுவான நாலு வரியை யாரும் இலவசமாக எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கடையில் இன்று எந்தக் காய் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. போய்ப் பார்த்து, கேட்டு, சரிபார்த்து எழுதுபவருக்குத்தான் மதிப்பு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே ஆண்டு முழுவதும் திராட்சை அறுவடை நடக்கிறது. இதை வெளியூர் வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்ல நம் ஊர் வியாபாரிக்கு ஓர் ஆள் தேவை. அந்த ஆள் ஏன் நீங்களாக இருக்கக் கூடாது?

வேறு வழிகள்

சொந்தமாக இணையதளம் வைத்து எழுதினால் விளம்பர வருமானம் வரலாம். கூகுளின் ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழையும் ஏற்கிறது. ஆனால் படிக்க ஆட்கள் வந்த பிறகே காசு, பொறுமை வேண்டும். புத்தகம் எழுதினால் அமேசானின் கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங்கில் நாமே மின்நூலாக வெளியிடலாம். வெளியிடக் கட்டணம் இல்லை.

காசு தராத எழுத்தும் வீண் போகாது. எங்கள் மாவட்டத்து எழுத்தாளர் தேனி மு. சுப்பிரமணி தமிழ் விக்கிப்பீடியாவில் பங்களித்தவர். அங்கே எழுதினால் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆனால் அவர் அதைப் பற்றியே 'தமிழ் விக்கிப்பீடியா' என்று ஒரு நூல் எழுதினார். அது 2010ஆம் ஆண்டுக்கான சிறந்த நூல்களில் கணினியியல் பிரிவில் தமிழக அரசின் பரிசு பெற்றது.

தொடங்கும் முன்...

1. யூனிகோடில் டைப் செய்யப் பழகுங்கள். பழைய டிடிபி எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் புரியாத குறியீடுகளாகத் தெரியும். விண்டோஸ் செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்' பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் விசைப்பலகை கிடைத்துவிடும்.

2. மாதிரிக்கு மூன்று பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "என்ன எழுதுவீங்க?" என்று கேட்டால் உடனே காட்டலாம்.

3. என்ன வேலை, எவ்வளவு பணம், எத்தனை முறை திருத்தம் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாதிப் பணம் முன்பணம், மீதி முடித்ததும்.

4. ஒரு நோட்டிலோ எக்ஸெலிலோ வரவு செலவு எழுதுங்கள். வங்கிக் கடன் கேட்கும்போதும் வருமான வரிக் கணக்குக் காட்டும்போதும் அது கைகொடுக்கும்.

5. தொழில் நிலைத்ததும் 'உத்யம்' பதிவு செய்யலாம். சிறு தொழில்களுக்காக மத்திய அரசு 2020 ஜூலையில் தொடங்கிய இந்தப் பதிவு முற்றிலும் இலவசம். இதற்கும் கட்டணம் கேட்கும் போலித் தளங்கள் உண்டு, கவனம்!

முதல் மாதமே ஆயிரக்கணக்கில் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஏலக்காய்க் கடையில் தொடங்கி இன்னும் ஐந்து கடைகளுக்கு எழுதி, 3,000 ரூபாய் சேர்க்க எனக்கு நான்கு மாதம் ஆனது. அதைக் கொண்டுபோய் அம்மா கையில் கொடுத்து, நடந்ததை எல்லாம் சொன்னேன். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா இத்தனை நாள் நீ தனியா கஷ்டப்பட்டிருக்க வேண்டாமே" என்றார்.

உங்கள் வீட்டிலும் யாராவது டெபாசிட் கட்டிவிட்டுச் சொல்லாமல் இருக்கலாம். திட்டாமல் கேளுங்கள். பிறகு பக்கத்துக் கடைக்குப் போய், அவருக்கு என்ன எழுதித் தர வேண்டும் என்று விசாரியுங்கள். வாழ்த்துகள்!