மழை வந்த வழி

பழவேற்காட்டு ஏரியில் இறால் படுவதும் படாததும் மழையைப் பொறுத்தது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்து, ஆரணியாறும் காளங்கியும் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டினால் ஏரித் தண்ணீரில் உப்பு வெகுவாகக் குறையும். முகத்துவாரத்து மணல்திட்டு உடைந்து கடலோடு வழி திறக்கும். மழை பொய்த்து, முகத்துவாரம் தூர்ந்து, கோடை வெயிலும் சேர்ந்துகொண்டால் ஏரியின் உப்பு கடலையே மிஞ்சிவிடும். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக முறைவைத்து மீன்பிடிக்கும் ‘பாடு’ ஏற்பாடும் இந்த ஏற்ற இறக்கத்துக்குள்தான் நடக்கிறது. ஆனால் இந்த மழை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்தது? இந்திய வானிலைத் துறை தொடங்கியது 1875இல். சென்னையின் மழைப் பதிவும் இருநூறு ஆண்டுச் சொச்சம்தான். அதற்கு அப்பால் சாட்சி சொல்லக்கூடியவற்றுள் முக்கியமானது தண்ணீருக்குள்ளிருக்கும் ஆக்சிஜன். ஆனால் அது எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று சொல்வதில்லை. மழை எந்த வழியாக வந்தது என்பதைச் சொல்கிறது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் சாட்சியைத் தவறாகப் படிப்போம்.

இயற்கையில் ஆக்சிஜன் அணுக்கள் பத்தாயிரத்தில் சுமார் இருபது மட்டுமே எடை கூடிய ஆக்சிஜன்-18. மற்றவை அநேகமாக எல்லாம் ஆக்சிஜன்-16. கடல்நீர் ஆவியாகும்போது எடை குறைந்த மூலக்கூறுகள் எளிதில் மேலெழுகின்றன. ஆவி குளிர்ந்து மழையாகும்போது கனமானவை முந்திக்கொண்டு இறங்குகின்றன. ஆகவே ஒரு மேகக்கூட்டம் வழியெல்லாம் பெய்துகொண்டே வந்தால், மிச்சமிருக்கும் ஈரத்தில் ஆக்சிஜன்-18 குறைந்துகொண்டே போகும். தமிழகத்துக்கு வரும் வடகிழக்குப் பருவமழையில் அது குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் வங்கக் கடலின் மேற்பரப்பில் கலந்திருப்பது இன்னொரு காரணம். புயல் மழையில் இந்தக் குறைவு இன்னும் கூடுதல்.

வெப்பமண்டலத்தில் மழை மிகுந்த மாதங்களில் ஆக்சிஜன்-18 குறைகிறது என்று டென்மார்க்கின் வில்லி டான்ஸ்கார்ட் 1964இல் எடுத்துக்காட்டினார். அப்படியானால் அதையே மழைமானியாகக் கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் தென்னிந்தியாவில் இந்தக் கணக்கு அவ்வளவு சுலபமாகப் பொருந்துவதில்லை. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் ஆர். ரமேஷ் உள்ளிட்டோர் கேரள மழைநீரை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட முடிவின்படி, ஓரிடத்தில் பெய்த மழையின் அளவைவிட, பரந்த பரப்பில் திரண்டெழும் மேகக்கூட்டங்களோடுதான் இந்தக் குறைவு நெருக்கமாக ஒத்துப்போகிறது. இதனால் சாட்சி பயனற்றதாகிவிடாது. ஒரு குப்பத்தில் வைத்த மழைமானி அந்தக் குப்பத்து மழையை மட்டும் அளக்கும். ஆக்சிஜன் வங்கக் கடல்மேல் நடந்ததையும் சேர்த்துச் சொல்லும். பருவமழையின் வலிமையை அறிய விரும்புவோருக்கு இரண்டாவதுதான் அதிகம் தேவை.

இந்தச் சாட்சியத்தைச் சேமித்து வைப்பது சுண்ணாம்பு. ஆளியும் மட்டியும் தாம் வாழும் தண்ணீரின் ஆக்சிஜனை எடுத்தே ஓட்டை அடுக்கடுக்காக வளர்க்கின்றன. ஆற்று வெள்ளம் கலந்தால் அந்த அடுக்கில் ஆக்சிஜன்-18 குறையும், ஏரி வற்றினால் கூடும். வெப்பமும் இதை மாற்றும் என்பது உண்மை. ஆனால் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் 0.2 பங்கு அளவுக்குத்தான். பெருமழைக்கும் கடல்நீருக்கும் இடையிலான வேறுபாடோ ஆயிரத்தில் பத்துப் பங்கு வரை போகும். இதைவிட வலுவான ஆட்சேபம் முகத்துவாரத்தைப் பற்றியது. மழை பொய்த்தாலும் ஏரி உவர்க்கும். நல்ல மழைக்குப்பின் மணல் வாயை அடைத்து நீர் வற்றினாலும் உவர்க்கும். ஓடு இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதிவைக்கும். எனவே ஏரிப்படுகையில் புதைந்த கிளிஞ்சலை மட்டும் நம்பிப் பஞ்சக் கணக்கு எழுத முடியாது. முகத்துவாரம் இல்லாத இடத்துச் சாட்சி ஒன்றும் வேண்டும்.

அது குகைகளில் இருக்கிறது. சொட்டும் மழைநீரால் வளரும் சுண்ணாம்புப் படிவங்களிலும் இதே ஆக்சிஜன் கணக்கு உண்டு. மேகாலயாவின் மவ்ம்லூ குகைப் படிவம் சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை தளர்ந்ததைக் காட்டியது. அதை அடிப்படையாகக் கொண்டே 2018இல் புவி வரலாற்றின் இன்றைய காலப்பிரிவுக்கு ‘மேகாலயன்’ என்று பெயர் வைத்தார்கள். சத்தீஸ்கரின் தண்டக் குகைப் படிவம் 14ஆம் நூற்றாண்டில் பல ஆண்டுகள் நீடித்த வறட்சிகளைச் சொல்கிறது. ஆனால் இவை பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையின் சாட்சிகள். பழவேற்காடு நம்பியிருக்கும் மழை வேறு. அதற்கு வடக்கத்திக் குகைகளை அப்படியே சாட்சிக்கு அழைப்பது சரியாகாது. தென்னகக் குகைகள், மரவளையங்கள், ஏரிப்படுகைக் கிளிஞ்சல் மூன்றும் ஒரே காலத்தைப் பற்றி ஒத்துச் சொன்னால்தான் வடகிழக்குப் பருவமழையின் நீண்ட வரலாறு உறுதிப்படும். முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்துவைக்க முயலும்போது அந்த வரலாறு வெறும் ஆராய்ச்சி ஆர்வம் அல்ல. ஏரி உவர்த்ததில் மழையின் பங்கு எவ்வளவு, மணலின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறியாமல் கட்டப்படும் தடுப்புச்சுவர், மணலைத் தடுக்கலாம். பொய்த்த மழையை ஈடுகட்டாது.