நாக்கு சொல்வதும் டப்பா சொல்வதும்

மும்பை நகரில் தாராவி என்ற பகுதி இருக்கிறது. அங்கே தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போனவர்கள் பலர். விடியும் முன் இட்டிலி அவித்து, தெருத்தெருவாக விற்கும் குடும்பங்களும் அங்கே உண்டு.

அப்படி ஒரு குடும்பத்தை நினைத்துக் கொள்வோம். தாய் இட்டிலி செய்கிறார். ஒரு சொட்டு மாவை நாக்கில் வைத்தால் போதும். உப்பு சரியா, புளிப்பு ஏறிவிட்டதா என்று உடனே சொல்லி விடுவார். இரவு வகுப்புக்குப் போய்த் தமிழ் படிக்கவும் கற்றுக் கொண்டார். மகள் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் தேறினாள்.

"என்ன வேணும்மா உனக்கு?" என்று தாய் கேட்டார்.

"ஐஸ்கிரீம் வேணும். சின்னக் கப் வேண்டாம் அம்மா. வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிற மாதிரி பெரிய டப்பா வேணும்" என்றாள் மகள்.

இருவரும் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் எத்தனை டப்பாக்கள்! வெனிலா, சாக்லெட், மாம்பழம், கேசர் பிஸ்தா. தாய் இரண்டு வெனிலா டப்பாக்களைக் கையில் எடுத்தார். இரண்டும் ஒரே அளவு. இரண்டிலும் ஒரே மாதிரி படம். விலையில் பத்து ரூபாய்தான் வித்தியாசம்.

மகள் எழுத்தைப் படித்தாள். "அம்மா, இதில் ஐஸ்கிரீம் என்றே போடவில்லை."

"பின்னே என்ன போட்டிருக்கு?"

"ஃப்ரோசன் டெசர்ட் என்று போட்டிருக்கு."

"அப்படின்னா என்ன?"

மகளுக்குத் தெரியவில்லை. தாய் சிறிது யோசித்தார். ஒரு நாள் இட்டிலி விற்ற பணம் கையில் இருந்தது. "சரி, இரண்டையும் வாங்குவோம். என்ன வித்தியாசம் என்று நாமே பார்த்து விடுவோம்" என்றார்.

இரண்டு பெயர், இரண்டு பொருள்

ஐஸ்கிரீம் பாலில் செய்வது. அதில் உள்ள கொழுப்பு பால் கொழுப்பு. அதாவது, பாலில் ஏடாகவும் வெண்ணெயாகவும் நெய்யாகவும் நாம் பார்க்கிற அதே கொழுப்பு. நம் நாட்டு உணவுச் சட்டப்படி, 100 கிராம் ஐஸ்கிரீமில் குறைந்தது 10 கிராம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். 'மீடியம் ஃபேட்' என்று போட்டிருந்தால் 2.5 கிராமுக்கு மேல், 10 கிராமுக்குள் இருக்கும். 'லோ ஃபேட்' என்றால் 2.5 கிராமுக்கு மேல் போகக் கூடாது.

ஃப்ரோசன் டெசர்ட் என்றால் 'உறைய வைத்த இனிப்பு' என்று பொருள். இதில் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் அல்லது தாவரக் கொழுப்பு சேர்க்கலாம். பனை வகை மரத்தின் எண்ணெயான பாமாயில் அப்படி ஒன்று. பால் கொழுப்பைவிட இதன் விலை குறைவு. ஃப்ரோசன் டெசர்ட்டிலும் பாலின் மற்றச் சத்துகள் இருக்கலாம். ஆனால் அதை ஐஸ்கிரீம் என்ற பெயரில் விற்கக் கூடாது.

ஃப்ரோசன் டெசர்ட் கெட்ட பொருளா? இல்லை. சட்டம் அனுமதித்த உணவுதான் அது. இதைப் பற்றி மும்பை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கே நடந்தது. ஃப்ரோசன் டெசர்ட்டில் இருப்பது வனஸ்பதி என்று ஒரு விளம்பரம் சொன்னது. போட்டி நிறுவனம் வழக்குப் போட்டது. 2017-ஆம் ஆண்டு நீதிமன்றம் அந்த விளம்பரத்துக்குத் தடை விதித்தது.

ஆகவே எதை வேண்டுமானாலும் வாங்கலாம். எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். அதுதான் முக்கியம்.

கண்ணை மூடினால் நாக்கு பேசும்

வீட்டுக்கு வந்ததும் தாய் பக்கத்து வீட்டு அக்காவையும் ஆச்சியையும் கூப்பிட்டார். ஆச்சியும் இரவு வகுப்பில் படிப்பவர்தான். மகள் ஒரு சோதனை செய்யலாம் என்றாள். நீங்களும் இதை வீட்டில் செய்யலாம்.

முதலில், இரண்டு டப்பாவும் ஒரே சுவையாக இருக்க வேண்டும். வெனிலா என்றால் இரண்டும் வெனிலா. இரண்டையும் ஒரே நேரத்தில் வெளியே எடுத்து ஐந்து நிமிடம் வைக்க வேண்டும்.

அடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரி மூன்று கிண்ணம் வேண்டும். கிண்ணங்களில் அ, ஆ, இ என்று எழுத வேண்டும். இரண்டு கிண்ணத்தில் ஒரே ஐஸ்கிரீம். ஒரு கிண்ணத்தில் மட்டும் மற்றது. எதில் எது என்பது பரிமாறுகிறவருக்கு மட்டும் தெரிய வேண்டும். டப்பாவை யாரும் பார்க்கக் கூடாது.

ஒவ்வொரு கரண்டிக்கும் பிறகு ஒரு வாய் சாதாரணத் தண்ணீர் குடிக்க வேண்டும். யாரும் வாய் திறந்து கருத்துச் சொல்லக் கூடாது. ஒருவர் "ஆகா" என்றால் மற்றவர் நாக்கும் அதையே சொல்லும். அதனால் தாளில் எழுத வேண்டும்.

கேள்வி இரண்டே. மூன்றில் வேறான கிண்ணம் எது? உங்களுக்குப் பிடித்தது எது?

அக்கா பரிமாறினார். மற்ற மூவரும் சுவைத்தார்கள். தாய் வேறான கிண்ணத்தைச் சரியாகக் கண்டுபிடித்தார். மகள் தவறாக எழுதினாள். ஆச்சி தாள் நிறையப் பெரிதாக 'ஆ' என்று எழுதினார். அதுதான் வேறான கிண்ணம். அதுவே தமக்குப் பிடித்தது என்றும் சொன்னார். டப்பாவைப் பார்த்தால் அது ஃப்ரோசன் டெசர்ட்!

எல்லோரும் சிரித்தார்கள். ஆச்சி கோபப்படவில்லை. "எனக்குப் பிடிச்சது எனக்குப் பிடிச்சதுதான். பேரு எதுவா இருந்தா என்ன?" என்றார்.

ஆச்சி சொன்னது சரிதான். பிடித்தது எது என்று சொல்ல நாக்குக்கு உரிமை உண்டு. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று நாக்கால் எப்போதும் சொல்ல முடியாது.

நாக்கு ஏன் ஏமாறுகிறது?

குளிர் ஒரு காரணம். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். உருகிப் போன ஐஸ்கிரீமைக் குடித்துப் பாருங்கள். திகட்டும். சர்க்கரை கூடவில்லை. குளிர் அதை மறைத்து வைத்திருந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதை மறக்கக் கூடாது.

மூக்கு இன்னொரு காரணம். மூக்கைப் பிடித்துக் கொண்டு ஒரு கரண்டி வெனிலா சாப்பிடுங்கள். இனிப்பும் குளிர்ச்சியும் தெரியும். வெனிலா தெரியாது. கையை எடுத்ததும் மணம் வரும். நாம் சுவை என்று சொல்வதில் பெரும் பங்கு மணம்தான். வெனிலா என்பது ஒரு கொடியின் காய். கேரளாவிலும் கர்நாடகாவிலும் பயிராகிறது. காயின் விலை அதிகம். அதனால் பெரும்பாலும் அதே மணம் தரும் பொருளைத் தொழிற்சாலையில் செய்து சேர்க்கிறார்கள்.

கண்ணும் ஏமாற்றும். கேசர் பிஸ்தா மஞ்சளாகவோ பச்சையாகவோ இருக்கும். கேசர் என்றால் குங்குமப்பூ. நிறம் முழுவதும் குங்குமப்பூவிலிருந்து வந்ததா? டப்பாவின் பின்புறம் பாருங்கள். 102 என்ற எண் இருந்தால் அது டார்ட்ரசீன் என்ற மஞ்சள் நிறம். 122 என்பது ஒரு சிவப்பு நிறம். 133 என்பது நீல நிறம். இவை அளவோடு சேர்க்க அனுமதி பெற்ற நிறங்கள்.

கொழுப்பு எப்படித் தெரியும்? பால் கொழுப்பு வாயின் சூட்டில் உருகி விடும். சில தாவரக் கொழுப்புகள் அவ்வளவு எளிதில் உருகாது. மேல் அண்ணத்தில் மெழுகு போல ஒட்டும். தாயின் நாக்கு இதைத்தான் கண்டுபிடித்தது. ஆனால் எல்லாத் தாவரக் கொழுப்பும் அப்படி ஒட்டுவதில்லை. அதனால் இந்த அடையாளத்தை மட்டும் நம்ப முடியாது.

இட்டிலியும் ஐஸ்கிரீமும்

சோதனை முடிந்தது. தாய் இரண்டு டப்பாவையும் கையில் தூக்கிப் பார்த்தார். "இது கனமா இருந்துச்சு. அது லேசா இருந்துச்சு. ஏன்?" என்று கேட்டார்.

இட்டிலி செய்கிறவருக்கு இதை எளிதில் சொல்லி விடலாம். மாவு புளிக்கும்போது அதற்குள் காற்றுக் குமிழ்கள் உண்டாகின்றன. அதனால் இட்டிலி பூப்போல உப்புகிறது. ஐஸ்கிரீமையும் உறைய வைக்கும்போது கடைந்து காற்றை ஏற்றுகிறார்கள். காற்று இல்லாவிட்டால் அது பாறை போல இருக்கும். காற்று தேவைதான். ஆனால் காற்று அதிகமானால் டப்பா நிறையும், பொருள் குறையும்.

ஒரு லிட்டர் தண்ணீர் 1000 கிராம் எடை. ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் இருக்க வேண்டும் என்பது சட்டம். மற்ற இடத்தை நிரப்புவது பெரும்பாலும் காற்று.

டப்பாவில் 'மி.லி.' என்று இருப்பது இடத்தின் அளவு. 'கி.' அல்லது 'கிராம்' என்று இருப்பது எடை. பல டப்பாக்களில் இரண்டும் இருக்கும். எடையைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. இரண்டு டப்பாவும் 500 மி.லி.

முதல் டப்பா 350 கிராம், விலை 175 ரூபாய். 100 கிராம் 50 ரூபாய்.

இரண்டாம் டப்பா 275 கிராம், விலை 165 ரூபாய். 100 கிராம் 60 ரூபாய்.

பத்து ரூபாய் மலிவு என்று எடுத்த டப்பா உண்மையில் விலை கூடியது!

தமிழ் மட்டும் தெரிந்தால் என்ன செய்வது?

டப்பாவில் விவரங்களை இந்தியிலோ ஆங்கிலத்திலோ அச்சிட வேண்டும் என்பது சட்டம். தமிழில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் பலர் படத்தைப் பார்த்தே வாங்குகிறார்கள்.

தாராவித் தாய் ஒரு வழி கண்டார். 'ஐஸ்கிரீம்', 'ஃப்ரோசன் டெசர்ட்' என்ற இரண்டு பெயர்களையும் ஒரு சீட்டில் ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி மகளிடம் கேட்டார். பக்கத்திலேயே தமிழில் தாமே எழுதிக் கொண்டார். சீட்டு இப்போது அவர் பணப்பையில் இருக்கிறது. கடையில் சீட்டையும் டப்பாவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்.

எண்களுக்குச் சீட்டுத் தேவையில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் இன்று நாம் எழுதும் எண்கள் ஒன்றுதான். எடை, தேதி, விலை மூன்றும் எண்கள்தானே!

வாங்கும்போது பாருங்கள்

1. பெயர் என்ன?

2. எடை எத்தனை கிராம்?

3. செய்த தேதி எது? எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும்?

4. பச்சைப் புள்ளி இருக்கிறதா? இருந்தால் சைவம்.

5. உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா? அதில் 14 இலக்கங்கள் இருக்கும்.

6. அதிகபட்ச விலை எவ்வளவு? அதற்குள் எல்லா வரியும் அடங்கும்.

7. டப்பாவின் உருவம் மாறி இருக்கிறதா? வீட்டில் திறக்கும்போது மேலே பனி படர்ந்து, மணல் போல நறநற என்று இருந்தால், அது ஒரு முறை உருகி மறுபடி உறைந்திருக்கலாம். குளிர் கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கும். எல்லாக் கிருமிகளையும் கொல்லாது. உருகியபோது கிருமி வளர்ந்திருக்கலாம்.

பத்து ரூபாய்க்கு ஒரு கேள்வி

அடுத்த மாதம் ஆச்சிக்குப் பிறந்த நாள். ஆச்சிக்குப் பிடித்த டப்பாவையே வாங்கத் தாய் ஒரு சிறிய கடைக்குப் போனார். கடைக்காரர் அச்சிட்ட விலைக்கு மேல் பத்து ரூபாய் கேட்டார். குளிர்ப்பெட்டியில் வைத்ததற்குக் கூலி என்றார்.

முன்பு என்றால் தாய் கொடுத்திருப்பார். இப்போது டப்பாவைத் திருப்பினார். விலையின் மேல் விரலை வைத்தார். "165 என்றுதானே போட்டிருக்கு?" என்று கேட்டார்.

கடைக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை. 165 ரூபாய் மட்டும் வாங்கிக் கொண்டார். அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் குளிர்ச்சிக்கு என்று தனியாகக் கேட்கக் கூடாது. கேட்டால் 1915 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் புகார் சொல்லலாம். இது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம்.

அன்று மாலை எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். ஆச்சி டப்பாவை வாங்கிக் கண்ணருகே வைத்து, எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகுதான் கரண்டியை எடுத்தார்.

சுவையை நாக்கிடம் கேளுங்கள். உள்ளே இருப்பதை டப்பாவிடம் கேளுங்கள். படிக்கத் தெரிந்தவருக்கு டப்பா பதில் சொல்லும்.