உங்களுக்குத் தெரியுமா? நிமிடத்துக்கு ஆறு மூச்சு!
யோகாவால் மனஅழுத்தம் தணிவதில், உடலை வளைப்பதைவிட மூச்சை மெதுவாக்குவதற்கே பங்கு அதிகம் என்று நினைக்க இடமிருக்கிறது. ஓய்வில் இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் லூசியானோ பெர்னார்டி குழு வெளியிட்ட ஆய்வில், 23 பேர் லத்தீன் ஜெபமாலையையும் 'ஓம் மணி பத்மே' என்ற மந்திரத்தையும் சொன்னார்கள். இரண்டிலுமே மூச்சு சுமார் ஆறாகக் குறைந்தது. ரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் அனிச்சைச் செயலும் மேம்பட்டது. மதம் எதுவென்று இதயம் கேட்கவில்லை (சிலருக்கு இது வருத்தமாக இருக்கலாம்). மூச்சை வெளியே விடும்போது வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைத் தணிக்கிறது என்பது இந்த விளைவுக்கு ஒரு காரணம். நம் மரபிலும் திருமூலர் திருமந்திரத்தில் மூச்சுப்பயிற்சியான பிராணாயாமத்துக்குத் தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறார்.

வெறும் 23 பேர்தானே என்றால், நியாயம்தான். அந்த ஆய்வு அளந்ததும் அந்நேர விளைவை மட்டுமே. கடன் தொல்லையும் வேலைப்பளுவும் மூச்சுப்பயிற்சியால் தீரப்போவதில்லை. அவற்றைத் தாங்கும் உடலின் படபடப்புதான் குறையும். அப்படியானால் ஆசனங்கள் வீணா? இல்லை, இறுகிய தோளும் கழுத்தும் தளர்ந்தால் நீண்ட மூச்சு எளிதாகும். புதிதாகத் தொடங்குபவர்கள் மூச்சை அடக்கிப் பார்க்க வேண்டாம். இதயநோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.